ஒன்றரை கிலோ ஓம்

பத்து மணிக்கு மின்வெட்டு.
எங்கள் சாட்ஸ்வொர்த் அட்டவணை அப்படி.
அதற்குள் பற்றவைத்துவிட வேண்டும்.

டர்பன் நகராட்சிக் குழாயில்
நான்கு நாளாகக் காற்றுதான்.
கொல்லையில் பச்சைத் தொட்டி இருக்கிறது.
அதில் எவ்வளவு நீர் என்பது
என் எட்டுக் கால் சில்லுக்குத் தெரியும்
(புளியங்கொட்டைக்குக் கால் முளைத்த மாதிரி ஒன்று).
சொல்லத்தான் வாயில்லை.
போன மாதம் வரை சிவப்பு விளக்கைச் சிமிட்டியது,
நான் எண்ணினேன்,
பதினேழில் தும்மல் வரும்,
மறுபடி ஒன்று.

பக்கத்து வீட்டு சிபுசிசோ
செத்த விசைப்பலகையின் யுஎஸ்பி வாலை
அறுத்துக் கொடுத்தான்.
சிவப்பும் கருப்பும் சோறு.
பச்சையும் வெள்ளையும் பேச்சு.

செருகினேன்.
டொண் டொண் டொண்.
அறியப்படாத சாதனம்.
குரல் அதிகமோ என்று
ஜீனர் இரண்டு வைத்துத் தணித்தேன்.
டொண் டொண் டொண்.
கொல்லைக் கம்பியைக் குரங்கு ஒருமுறை பிடுங்கியது,
அதன் மேல் பழிபோட்டும் பார்த்தேன்.

"குச்சி விட்டு அளந்தால் போதாதா?"
என்றார் பிரகாசன்.
போதும். அது வேறு விஷயம்.

யார் நீ என்று கணினி கேட்கும்,
பூஜ்ஜியம் என்ற பொது முகவரியில் நிற்க வைத்து.
கேட்பதற்கு முன்பே ஒன்றைப் பார்த்துவிடும்:
எந்தக் கம்பியை மேலே இழுத்துப் பிடித்திருக்கிறாய்?
பச்சை என்றால் வேகம்.
வெள்ளை என்றால் மெது.

ஒன்றரை கிலோ ஓமை
நான் பச்சையில் வைத்திருந்தேன்.
மூன்று இரவாக என் புளியங்கொட்டை
ஓட்டக்காரன் என்று சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறது.
கணினியும் நம்பி
ஓடிக்கொண்டே பேசியிருக்கிறது.

ஒன்பது ஐம்பத்திரண்டு.
ஈயத்தை உறிஞ்சி எடுத்தேன்,
மின்தடையின் காலை வெள்ளைக்குத் திருப்பினேன்.
மெதுவாகத்தான் பேச வரும், என்றது.
டொடொண்.

சாதனத்துக்குப் பெயர் வைக்க இடம் உண்டு.
தொட்டி என்று தமிழிலேயே வைத்திருந்தேன்,
பன்னிரண்டு பைட் செலவழித்து.
பழைய மடிக்கணினியில் எழுத்துரு இல்லை.
ஆறு வெற்றுக் கட்டங்கள் வந்தன.
ஆறும் வந்தன.

அதற்குக் கீழே 41.

"நாற்பத்தொன்று என்ன?"
சதவீதம்.
"அப்போ குளிக்கலாமா?"

விளக்குப் போனது.
கணினியில் மின்கலம் இருக்கிறது.
கொல்லை இருட்டில் வாளி நிரம்பும் சத்தம்.
40.
இன்னொரு வாளி.
39-இல்
ஜன்னலைத் திறந்து, போதும் என்று கத்தினேன்.