நான்கு விரற்கடை

இரவெல்லாம் தெரு நிரவுகிறவன் நான்.
ஓலு நகரத்துப் பனியைச் சுரண்டி
குவிந்ததைத் தள்ளி, வழுக்குமிடத்தில் மணல் தூவி
காலை ஆறரைக்குச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு
வீட்டுக்கு வந்து படுத்தால்
ஒரு பள்ளத்தில் உருள்கிறேன்.

பள்ளம் தைஸ்தோவுடையது.
பதினான்கு வருடம் இடப்பக்கம் படுத்தவன்,
கனத்த ஆள், படகு கட்டுகிறவன்.
பிரிந்து போகும்போது
காப்பி வடிகட்டியைக்கூட எடுத்துப் போனானாம்.
இதை மட்டும் விட்டுப் போயிருக்கிறான்.
பள்ளம் கண்ட பக்கம் தண்ணீர் போகும்;
என் இடுப்பும் போனது.

புது மெத்தை வாங்கலாமே என்றேன்.
சிர்க்கா தபால் கிடங்கில் பொட்டலம் பிரிக்கிறவள்,
எதையும் எடை பார்த்துத்தான் பேசுவாள்.
"ஆயிரத்து இருநூறு யூரோ."
பாத்திரம் கழுவி முடித்த பிறகு,
"மேல்மெத்தை என்றால் இருநூறு."

கடையில் காலணிக்கு நீல உறை தந்தார்கள்.
எல்மீனா என்று சட்டையில் எழுதியிருந்த பெண்
படுத்துப் பாருங்கள், பத்து நிமிடமாவது, என்றாள்.
ரப்பர் பால் மெத்தை
கோபித்துக்கொண்டதுபோல் என்னை மேலே தள்ளியது.
கம்பளி நிரப்பியதில் சிர்க்காவுக்கு வியர்த்தது.
மூன்றாவதில் உள்ளங்கையை அழுத்தி எடுத்தேன்:
ஐந்து விரலும் அப்படியே நின்றன,
பிறகு சுண்டுவிரல் முதலாக ஒவ்வொன்றாய் அழிந்தன.

"மெமரி ஃபோம். ஞாபகம் வைத்துக்கொள்ளும்."
"எவ்வளவு நேரம்?"
"ஐந்தாறு வினாடி."
சிர்க்கா சிரித்த சிரிப்பில்
அடுத்த கட்டிலில் கண்ணயர்ந்திருந்த ஒருவர்
எழுந்து உட்கார்ந்தார்.

"அடியில் இருக்கும் மெத்தை சமமாக இருக்கிறதா?"
இல்லை என்றேன் நான்.
ஆமாம் என்றாள் அவள்.
ஒரே நேரத்தில்.
எல்மீனா ரசீதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாய்போல் சுருட்டிக் கொடுத்ததை
உறை கிழித்து விரித்தோம். பசை நாற்றம்.
இரண்டு நாள் காற்றாட விடச் சொல்லியிருந்தார்கள்.
பால்கனியில் சாய்த்தோம், மைனஸ் இருபத்திரண்டில்;
மறுநாள் கதவுப் பலகை ஒன்றை
இருவருமாகத் தூக்கி வந்தோம்.
ஹீட்டர் அருகே நின்று
சாயங்காலத்துக்குள் அது மெல்ல மனம் இளகியது.

முதல் பகல், அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன்.
இரண்டாம் பகலும்.
ஐந்தாம் பகல் தைஸ்தோ வந்துவிட்டான்.
நான்கு விரற்கடை நுரையும் அவனோடு சேர்ந்து
பள்ளத்தில் இறங்கிப் படுத்திருந்தது.

எனக்குத் தெரியாதா?
இந்த ஊரின் எல்லாக் குழிகளும் பெயரோடு தெரியும் எனக்கு.
புதுப் பனி அழகாக மூடும்,
குழி தூராது.
சக்கரம் ஏறினால் சொல்லிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை. ஒன்றும் பேசாமல்
மேல்மெத்தையைச் சுருட்டினாள் சிர்க்கா.
பள்ளத்தில் கையை வைத்து
ஓரம் எங்கே, ஆழம் எங்கே என்று தடவினாள்.
பழைய கம்பளிப் போர்வையை மூன்றாய் மடித்து,
போதாது, ஒரு துண்டையும் மடித்து,
உள்ளே செருகித் தட்டினாள்.
"பொட்டலத்தில் காலியிடம் விட்டால்
உள்ளே இருப்பது உடையும்" என்றாள்,
என்னைப் பார்க்காமல்.

இப்போது சமம்தான். கிட்டத்தட்ட.
துண்டின் விளிம்பு மட்டும் சில நாள் உறுத்தும்,
அதைச் சொல்லமாட்டேன்.
உறையைக் கழற்றித் துவைப்பது என் பொறுப்பு.
ஜிப் பாதியில் சிக்கும்.

அவள் ஆறு மணிக்குக் கிளம்புகிறாள்.
நான் ஏழுக்கு வந்து சேர்கிறேன்.
வெளியே இன்னும் விடியவில்லை.
மேல்மெத்தையைத் தொட்டுப் பார்க்கிறேன்:
அவள் உருவத்தை எப்போதோ மறந்துவிட்டது,
சூடு மட்டும் கொஞ்சம் இருக்கிறது.

இருநூறு யூரோ கொடுத்து
என் பக்கத்தைச் சரிசெய்தோம்.
சாக்ஸைக் கழற்றாமல்
அவள் பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன்.