கேட்டைக்குப் பக்கத்து வீடு

கெர்தாக் சங்குலில் தார்ச்சாலை முடியும் இடம்.
இரவு ஒன்று இருபது.
கணவாய்ப் படகுகளின் பச்சை விளக்குகள்
தெற்குக் கடலுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தன.
முக்காலியை மணலில் அழுத்தி நிறுத்தினேன்.
கார் பேட்டரியிலிருந்து ஒரு வயர் போய்
லென்ஸின் கழுத்துப் பட்டிக்குச் சூடு கொடுத்தது.
இல்லாவிட்டால் இந்த ஊர்க் காற்று
கண்ணாடியில் உட்கார்ந்து அழும்.

அண்ணாந்தால் தேள்.
அதன் நெஞ்சில் கேட்டை.

இந்தப் பக்கம் கேமராவைத் திருப்புகிறவர்கள்
நிறத்துக்காகத் திருப்புகிறார்கள்.
நானும்தான், மூன்று வருடம்.
கேட்டையைச் சூழ்ந்து மஞ்சள் புகை.
மேலே, ஊறவைத்த சங்குப்பூவின் நீலம்.
மேற்கு மூலையில் சிராப் பண்டோங் கொட்டிய சிவப்பு.
அருகே எம் நான்கு என்கிற கொத்து,
கைப்பிடிக் கல்லுப்பை யாரோ விசிறினாற்போல.

இதற்கெல்லாம் இடையில் ஒரு பிசிறு.
பெயர் கிடையாது. பட்டியலில் எண் உண்டு:
ஆறாயிரத்து நூற்று நாற்பத்து நான்கு.
படத்தைச் சிறிதாக்கினால்
முதலில் காணாமல் போவது அதுதான்.
போன வருடம் நானே
அழுக்கென்று நினைத்து அதை அழித்திருக்கிறேன்.

என் வேலை அப்படி.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
சிலிக்கான் தட்டுகளைப் பார்ப்பவள்.
தூசு கண்டால் சிவப்புக் கட்டம்,
கட்டம் விழுந்தால் குப்பை.
பன்னிரண்டு மணி நேரம், நாலு நாள்.
பிறகு ரெண்டு நாள் கண்ணுக்கு ஓய்வு என்று பேர்.
அந்த ரெண்டு நாளில்தான் இங்கே வருகிறேன்.

இன்றைக்கு அதற்காக மட்டும்.
கேட்டையைச் சட்டத்துக்கு வெளியே தள்ளினேன்.
தள்ளியும் அதன் மஞ்சள்
சாத்திய கதவின் இடுக்கில் வருகிற வெளிச்சமாக
ஒரு ஓரத்தில் வந்து நின்றது.
படம் ஒன்றுக்கு மூன்று நிமிடம். மொத்தம் நாற்பது.
பதினொன்றை மேகம் தின்றது.
ஒன்றின் குறுக்கே சரக்கு விமானம் கோடு கிழித்துவிட்டு
ஓடுபாதைக்கு இறங்கிப்போனது.

கேட்டை எனக்குப் பழகிய பெயர்.
பிறந்த நட்சத்திரம்.
பட்டர்வொர்த்திலிருந்து வந்தவர்கள்
தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுச் சொன்னார்கள்:
பொண்ணு நல்ல பொண்ணுதான்,
பையனுக்கு மூத்தவன் ஒருத்தன் இருக்கானே.
அம்மா பலகாரத் தட்டை மறுபடியும் நீட்டினாள்.
அந்த மூத்தவன் இப்போது ஜோகூரில் டயர் கடை வைத்து
நன்றாகத்தான் இருக்கிறான் என்று கேள்வி.

கேட்டை ஐந்நூற்றுச் சொச்சம் ஒளியாண்டில்.
இந்தப் பிசிறோ இருபத்தெட்டாயிரத்துக்குப் பக்கம்.
பக்கத்து வீடே இல்லை.
இங்கிருந்து பார்க்கிற கோடு ஒன்றாகிப்போனது,
அவ்வளவுதான் உறவு.
வழியெல்லாம் தூசு அதன் நீலத்தை வாங்கிக்கொள்ள
மிச்சம் பழுத்து வந்து சேர்கிறது.

மூன்று மணிக்கு வாளியோடு வந்தார் பாக் ஜெய்லானி.
என்ன பிடிக்கிறாய் என்று மலாயில் கேட்டார்.
மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினேன்:
இருபத்தெட்டுப் படங்களை அடுக்கிய சாம்பல் சதுரம்.
கொஞ்ச நேரம் பார்த்தார்.
"ஹாபோக்" என்றார், தூசு,
கட்டைவிரலால் திரையைத் துடைத்தார்.
போகவில்லை.
கைலியின் ஓரத்தால், இன்னும் அழுத்தி.
போகவில்லை.
குனிந்து, மூக்கு திரையில் படுகிற தூரத்தில்:
எத்தனை இருக்கும்?
சரியாகத் தெரியாது, பல பத்தாயிரம் என்றேன்.
"அத்தனைக்கும் ஐஸ் காணாது."
வாளியில் கைவிட்டு ரெண்டு கணவாயை
என் பிளாஸ்டிக் பையில் போட்டுவிட்டு நடந்தார்.

அவர் விரல் பட்ட இடத்தில் மை.
கொத்தின் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் மறைத்திருந்தது.
துடைக்க எடுத்த துணியோடு
எது மை, எது நட்சத்திரம் என்று
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
தலைக்கு மேல் மேகம் விலகியிருந்தது.
இன்னொரு மூன்று நிமிடத்துக்கு
பொத்தானை அழுத்தினேன்.