கட்டமில்லாத பதில்

டிராம்சோ. நவம்பர்.
மதியம் இரண்டுக்கே இருட்டு.

கண்ணாடிக்கு அப்பால் ஹால்டிஸ், எழுபத்தாறு.
படகுத்துறை உணவகத்தில்
தட்டுகள் மோதும் சத்தத்துக்கு நடுவே
யாருக்கு மீன் யாருக்கு சூப் என்று
முப்பது வருஷம்
உதடு பார்த்தே பிழைத்தவள்.

இங்கே உதடு இல்லை.
ஒரு வாக்கியம்,
அதன் பின்னால் பத்துப் பேர் பேச்சு.

“கதவைத் திற” என்கிறது குரல்.
“கணவனைத் தேடு” என்கிறாள்.
தவறு.

இரைச்சலை இரண்டு டெசிபல் ஏற்றுகிறேன்.

பதிலே இல்லை.
முன்னால் சாய்ந்து, லேசாகப் புன்னகைத்து,
“பின்னால் ஒருத்தி
விடாமல் சிரிக்கிறாளே,
என்னத்துக்காம்?”

பதினோரு வருஷமாக
நாளுக்கு ஆறு முறை கேட்கும் ஒலிப்பதிவு.
கேட்டதே இல்லை நான்.

படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
ஒலியைப் பின்னுக்கு ஓட்டினேன்,
அவளுக்காக அல்ல.