நாற்பத்தோராம் பக்கம்

வெர்னெல்,
செய்தி வந்தபோது ஜெலுத்தோங் டயர் கடை மாடியில்
நாங்கள் நால்வரும் இருந்தோம். சனிக்கிழமை.
கமலவேணி உங்கள் நாவலைத் திறந்தாள்,
வாசிக்கவில்லை.

எந்தக் கதையைக் கொண்டுவந்தாலும்
"இதில் வாடகை யார் கட்டுகிறார்கள்?" என்பீர்கள்.
நிலா, மழை, பிரிவெல்லாம் அப்புறம்.

ஆயர் ஈத்தாமில் அறை பார்க்கப் போன அன்று
உங்கள் கறுப்பு முகத்தைக் கண்டதும்
வீட்டுக்காரருக்குச் சாவி காணாமல் போனது.
எனக்கு அது போன வாரமே,
தொலைபேசியில், பெயரைச் சொன்னவுடன்
காணாமல் போயிருந்தது.
படியிறங்கும்போது சிரித்தீர்கள்.
செண்டோல் வாங்கித் தந்தீர்கள்.
ஆளுக்கு இரண்டு கிண்ணம். பேசவே இல்லை.

உங்கள் பார்படோஸ் கரும்புக் காட்டுக்குள்
எங்கள் லயத்துப் புகை எப்படி வந்ததென்று
கேட்க நினைத்துக்கொண்டே இருந்தேன்.

நீங்கள் கடைசியாகத் திருத்திய என் பிரதி
பையில் கிடக்கிறது.
நாற்பத்தோராம் பக்க ஓரத்தில், பென்சிலில்:
"இந்த வீட்டுக்காரனுக்குப் பெயர் இல்லையா?
ராத்திரி யாரோடு சாப்பிடுவான்?"

நான்கு மாதம் கோபமாய் இருந்தேன் அந்தப் பென்சில்மேல்.

நேற்று ராத்திரி வைத்தேன், வெர்னெல்.
நல்ல பெயர்தான்.
மூட்டுவலிக்கார நாய் ஒன்றும் கொடுத்தேன்,
அதற்குச் சோறு பிசைகிறார்.

கதவை இன்னும் திறக்கவில்லை.