கோழிப்பண்ணை மீட்டர்

உருகுவாயின் கிழக்கே எங்கள் ஊருக்குப் பெயரே ஓர் எண்:
முப்பத்து மூன்று.
உறைமேல் அதை எழுத்தால்தான் எழுதுவோம்,
இல்லையேல் கதவிலக்கம் என்று நினைப்பார்கள்.

திரைப்படக் கழகத்தின் கணக்கு என் பொறுப்பு.
பெட்டியில் இருந்தது ஒரு விளக்கின் பாதி விலை.
"படம் மங்கல்" என்றார் பல் மருத்துவர் இக்கினியோ.
"மங்கல் உம் கண்ணில்" என்றான் எர்மிந்தோ,
புரொஜெக்டரைத் தாயத்துப் போலத் தொட்டுக்கொண்டு.
இரண்டு மாதம் இதே பேச்சு.

மூவாயிரம் கோழிகளுக்குச் சொந்தக்காரி வல்கீரியா
ஒரு வியாழனன்று கோட்டுப் பையிலிருந்து எடுத்தாள்
மஞ்சள் பெட்டி, சுருள் கம்பி, முனையில் வெள்ளைக் குமிழ்.
லக்ஸ் மீட்டர். மலிவுச் சரக்கு.
"என் கோழிகள் முட்டையிட இருபது போதும்.
உங்களுக்கு எவ்வளவு வேண்டும்?"

யாருக்கும் தெரியவில்லை.

வெறும் வெள்ளையைத் திரையில் விட்டோம்.
ஏணியேறிக் குமிழைத் துணியோடு ஒட்டிப் பிடித்தேன்.
நான்கு.
எர்மிந்தோவின் முகம் செத்துப்போயிற்று.
"குமிழ் திரையைப் பார்க்கிறதடா, விளக்கைப் பார்க்கட்டும்!"
திருப்பினேன். ஒன்பது.
இப்போது மறைத்தது என் தலை.
ஏணியை ஓரம் நகர்த்திக் கையை மட்டும் நீட்ட,
நடுவில் எழுபது.
இடது மேல்மூலையில் முப்பத்து மூன்று.

ஊர்ப்பெயரை விளக்கே எழுதிவைத்திருக்கிறது என்று
சிரித்தோம். எர்மிந்தோ சிரிக்கவில்லை.
மாத்தே குடுவையில் வெந்நீர் ஊற்றி
முதல் முறை இக்கினியோவிடம் நீட்டினான்.
அவரும் ஒன்றும் சொல்லாமல் உறிஞ்சினார்.

விளக்குக்கு இன்னும் ஆறு மாதம் சேர்க்க வேண்டும்.
"குஞ்சு குறைந்தால் நான் தடுப்பை நெருக்கி வைப்பேன்.
சூடு அதேதான், இடம்தான் குறைவு" என்றாள் வல்கீரியா.
ஆறு மீட்டர் அகலப் படத்தை ஐந்துக்குச் சுருக்கினோம்.
எர்மிந்தோ லென்ஸ் வளையத்தைத் திருகத் திருக
என் உள்ளங்கையில் எண் ஏறியது:
எழுபத்தெட்டு, தொண்ணூறு,
நூறு, அங்கே நின்று நடுங்கியது.
இருபுறமும் ஒரு முழம் துணி வெறுமையாய்க் கிடந்தது.

அன்றிரவு நாங்கள் மூன்று முறை பார்த்த படம்.
நாயகனின் கறுப்பு அங்கிக்குப் பொத்தான்கள் இருந்தன.
பின்வரிசையில் யாரோ அவற்றை எண்ணினார்கள், வாய்விட்டே.

கணக்கேட்டில் எழுதினேன்:
வரவு, முப்பது லக்ஸ். செலவு, இரண்டு முழம் வானம்.
வாடகை கேட்கவில்லை வல்கீரியா.
படம் முடியுமுன்னே மீட்டரோடு எழுந்து போனாள்,
விடியற்காலை ஐந்துக்குக்
கொட்டகையில் விளக்குப் போட வேண்டும்.