நிகர எடை

லாரி மேடையில் ஏறும். திரையில் எண் நடுங்கி நிற்கும்.
மொத்த எடை.
கொட்டிவிட்டு வெறும் வண்டியாய்த் திரும்பும்.
வண்டி எடை.
கழித்தால் வருவது மக்காச்சோளம்.
அதிலும் ஈரத்துக்கொரு பிடித்தம், உடைசலுக்கொரு பிடித்தம்.
வடக்கு டகோட்டாவின் காற்று
தகரக் கதவை அறைந்துகொண்டிருக்க
பதினோரு அறுவடைகள் இதைத்தான் செய்தேன்.

ஆகவே எனக்குக் கழிக்கத் தெரியும்.

ரெட் வில்லோ மாநிலப் பல்கலைக்கழகம்
எங்கள் களஞ்சியத்திலிருந்து ஐம்பத்திரண்டு மைல்.
பேர்பெற்றதல்ல.
வேதியியல் கட்டடத்தின் கூரை ஒழுகும் இடத்தில்
ஒரு மஞ்சள் வாளி வைத்திருப்பார்கள்.
ஆறு வருடத்தில் வாளி மாறியது,
ஒழுகல் மாறவில்லை.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.
அளந்துதான் போட்டேன்.
கட்டணம். வண்டி நிறுத்த அனுமதிச் சீட்டு.
யாரோ காப்பிக் கோப்பை வைத்த வட்டத்தோடு
பழைய கரிம வேதியியல் புத்தகம், நூற்று நாற்பது டாலர்.
செவ்வாய் வியாழன் மாலைகளில்
நான் வேண்டாமென்று சொன்ன கூடுதல் நேரக் கூலி.
ஜனவரிப் பனியில் பள்ளத்தில் இறங்கிய காரை
இழுத்துவிட்டவனுக்குத் தொண்ணூறு
(ரசீது தரவில்லை, ஆனாலும் எழுதிக்கொண்டேன்).
கூட்டினால் நாற்பத்தோராயிரத்து அறுநூறு.

அண்ணன் ஆர்லின் எண்ணெய்க் கிணறுகளுக்குப் போனவன்.
"அந்தப் பணத்துக்கு டீசல் பிக்கப் ஒன்று
வாங்கியிருக்கலாம் மார்னா,
அதையாவது விற்கலாம்."
அவன் சொன்னதில் தப்பில்லை.
பட்டத்தை விற்க முடியாது.
எண்ணெய் விலை விழுந்த வருடம்
அவன் பிக்கப்பை விற்றான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
விலை ஏறியதும் இன்னும் பெரியதாய் வாங்கினான்.
அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது மாவட்டத் தண்ணீர்ச் சோதனைக் கூடத்தில் இருக்கிறேன்.
கிணற்று நீரில் உரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது
என்று பார்க்கும் வேலை.
வரி போகக் கையில் கூடியது
வருடத்துக்கு ஆறாயிரத்துத் தொள்ளாயிரம்.
வட்டியையும் சேர்த்தால்
நாற்பத்துமூன்றாம் வயதில் முதல் திரும்பும்.
அதற்குப் பிறகு லாபம்,
முதுகும் பல்லும் ஒத்துழைத்தால்.

போன மாதம் மாநிலத்திலிருந்து ஓர் அறிக்கை வந்தது.
ரெட் வில்லோவில் படித்தவர்களின் வருமானம்
சராசரிக்குக் கீழே;
நான்கு துறைகளை மூடலாம்; வேதியியல் ஒன்று.
அட்டவணையை இரண்டு முறை படித்தேன்.
மினியாப்பொலிஸ் போனவர்கள் எண்ணை ஏற்றியிருக்கிறார்கள்.
இறக்கியது நாங்கள்,
போகாதவர்கள்.
பள்ளிக்கூட நர்ஸ் ஜோலீன், மருந்துக்கடை கெர்மிட்,
நான்.
இந்த ஊரில் கிடைக்கும் சம்பளத்துக்கு
இந்த ஊரிலேயே இருந்ததுதான்
எங்கள் குற்றம்.

ஸ்டென்ஸ்ரூட் வீட்டுக் கிணற்றை
வைக்கோல் பருவத்தில் சோதித்தேன்.
அளவு இரண்டு மடங்கு.
வீட்டில் நான்கு மாதக் குழந்தை, புட்டிப் பால்.
இரவே தொலைபேசியில் கூப்பிட்டேன்.
அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று
அறிக்கையில் தேடினேன்.
ஈரத்துக்குக்கூட ஒரு பத்தி உண்டு
எங்கள் களஞ்சியத்துச் சீட்டில்.

பழைய வேலையின் கடைசி இரவு
ஒரு விளையாட்டுச் செய்தேன்.
யாரும் இல்லை. என் காரை மேடையில் ஏற்றினேன்.
மூவாயிரத்து இருநூற்று அறுபது பவுண்டு.
பின்பக்கத்துப் புத்தகப் பெட்டியை இறக்கினேன்.
மூவாயிரத்து இருநூற்று நாற்பது.
பிறகு அன்று தபாலில் வந்த பட்டச் சான்றிதழை
உறையோடு இருக்கையில் வைத்துவிட்டு
ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன்.

எண் அசையவில்லை.

சிரித்துவிட்டேன்.
அந்த மேடை இருபது இருபதாகத்தான் எண்ணும்.
அதற்குக் கீழே எது வந்து உட்கார்ந்தாலும்
அதற்குத் தெரியாது.
பதினோரு அறுவடை உட்கார்ந்தவள்,
எனக்குத் தெரியும்.

சீட்டை அச்சடித்து வைத்திருக்கிறேன்.
கடன் தவணை இந்த வெள்ளிக்கிழமை.