ஆறு பத்து

செக்காலை ரோடு ஜெராக்ஸ் கடையில்
கூட்டம் குறைந்த நேரம்.
உமையாள் தன் மனைக்கு விலை போடுகிறாள்.
திரைக்குள் இருக்கிற மனை.
வடக்கே கடல். தெற்கும் மேற்கும்
யாரோ விட்டுப்போன வெற்றுச் சதுரம்.
கிழக்கு இன்னும் வரையப்படவில்லை.

வாங்கியது நாலாயிரம்.
மாதக் கட்டணம் பதினான்கு தவணை.
ஊருணி வெட்டியது மூன்று ராத்திரி.
மண் சுமக்கவில்லை, ஆனாலும் தோள் வலித்தது.
தோள்வலியை எந்தப் பத்தியில் எழுத?

"பத்துன்னு சொல்லி எட்டுக்கு இறங்குங்க"
என்கிறான் தேனப்பன்,
நிஜ மனைத் தரகன், வில்லங்கச் சான்று நகலெடுக்க வந்தவன்.
"பட்டா?"
"இல்லை."
"கம்பெனியை மூடிட்டா?"
"கடலும் போயிரும்."
அவன் சிரிக்கவில்லை. வட்டி போட்டுப் பார்த்தான்.

பினாங்கிலிருந்து கேள்வி வந்தது:
பக்கத்தில் ஆள் உண்டா?
உண்டு என்று தட்டினாள்.
அழித்தாள்.
பதினோரு மாதமாக இல்லை என்று அனுப்பினாள்.
அந்த ஒரு வரிக்கு
ஆயிரத்து ஐந்நூறு குறைந்தது.

ஐயாயிரத்து இருநூறு. முடிந்தது.

கைமாறுமுன் ஒருமுறை உள்ளே போனாள்.
வாங்கிய அன்றே சூரியனை
மாலை ஆறு பத்தில் நிறுத்தியிருந்தாள்.
ஊருணிப் படியில் வெயில் சாய்ந்து கிடந்தது.
அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

கொஞ்சம் நின்று பார்த்தாள்.
ஓடவிட்டாள்.
அங்கே முதல்முறையாக இருட்டியது.